அப்பாவின் சம்மதம்

காக்காய் சாப்பிடவில்லை.

மதில்மேல் இலைத்துண்டில் பிண்டம் இருந்தது. எதிரே மிளகு குடோனின் ஓட்டு முகட்டில் காக்காய் இருந்தது. நடுவில் நாங்கள் எல்லோரும் பசியோடு இருந்தோம்.

வெங்கிட்டுவின் முதல் வருஷத் திவசம். பக்கத்து வீட்டுக்காரன், சீட்டாட்டக் கூட்டாளி என்கிற முறையில் நானும் போயிருந்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரிக் காக்காய்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். யூதத் தெருவான ஜூ டவுனில் ஒரு வெள்ளைக்காரரின் காது மெஷினைக் கொத்தி விழுங்கிய காக்காய் ஒன்று இருந்தது. அதற்கப்புறம் அது இங்கிலீஷில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். இதை நான் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பியவன் வெங்கிட்டு ஒருத்தன்தான். அவனும் போய்ச் சேர்ந்தான்.

காலையிலிருந்து இறால் தலையும் பிரியாணி எலும்பும் தின்கிற பட்சிக்கு உப்பில்லாத எள்ளுச்சோறு எதற்கு?

திவச வீட்டில் அப்படி யோசிக்கக் கூடாது. காக்காய் எடுக்கவில்லை என்றால் போனவருக்கு ஏதோ குறை. அது என்னவென்று கண்டுபிடித்து, தீர்த்துவைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் எடுக்கும்.

குறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

வீடு கைமாறிவிட்டது. அடுத்த மாதம் ஹோம்ஸ்டே ஆகப்போகிறது. வெங்கிட்டுவின் மனைவி ஜெயலக்ஷ்மி எங்கே போவாள் என்பதுதான் முடிவாகவில்லை. தேவராவில் மூத்தவன் சங்கர்ராமின் ஃபிளாட்டா, ஆலுவாவில் பார்த்துவைத்திருக்கிற முதியோர் இல்லமா? இளையவன் கேசவ் துபாயில் இருக்கிறான், திவசத்துக்காக வந்திருந்தான். அவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவனும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஜெயலக்ஷ்மியை யாரும் கேட்கவில்லை. வேறு யாருடைய அம்மாவைப் பற்றியோ பேச்சு என்பதுபோல அவள் மதிலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"தலையைச் சாய்க்கறதைப் பாருங்கோ, அப்பாவேதான்" என்றாள் மருமகள் ஸுப்ரியா. எல்லோரும் காக்காயையே பார்த்தார்கள். வெங்கிட்டு உயிரோடு இருந்தபோது அவன் முகத்தை இவ்வளவு நேரம் யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை.

தெரிந்த குறையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார்கள்.

"அப்பா, உங்க ஸ்கூட்டரை விக்கமாட்டோம்" என்றான் கேசவ். காக்காய் இறக்கையைக் கோதிற்று.

ஸுப்ரியா பித்தளை டம்ளரில் காப்பி கொண்டுவந்து பிண்டத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். காக்காய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"சர்க்கரை போட்டுட்டியா? அவனுக்கு ஷுகர் இருந்துதாக்கும்" என்றேன் நான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

திவசம் செய்துவைத்த வாத்தியாருக்கு எர்ணாகுளத்தில் இன்னொரு திவசம் இருந்தது. வாட்சைப் பார்த்துக்கொண்டே, "மனசில உள்ளதைச் சொல்லுங்கோ சங்கர்ராம். பித்ருக்களுக்கு எல்லாம் தெரியுமாக்கும்" என்றார்.

சங்கர்ராம் ஈரக்கையைத் தட்டினான். தொண்டையைச் செருமினான்.

"அப்பா, அம்மா எங்களோட தேவராவிலதான் இருப்பா. நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

திறந்தபோது பிண்டம் மதில்மேல் இருந்தது. காக்காய் ஓட்டுமேல் இருந்தது.

"அப்பாவுக்கு இதில இஷ்டமில்லை போல இருக்கு" என்றான் கேசவ், மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, "ஆலுவான்னா பெரியாத்துப் புழை இருக்கு. சிவராத்திரிக்குக் கூட்டம் கூடற மணப்புறம் இருக்கு. அப்பா வருஷா வருஷம் போற எடமாச்சே" என்றான்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சங்கர்ராம் மறுபடி கையைத் தட்டினான். "சரிப்பா. அம்மா ஆலுவாவிலேயே இருக்கட்டும்."

காக்காய் நேரே வந்து இறங்கிற்று. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. பிறகு நிற்காமல் தின்றது.

சங்கர்ராம் குலுங்கிக் குலுங்கி அழுதான். "பாத்தேளா வைத்தி மாமா, அப்பாவே சொல்லிட்டார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஸுப்ரியா காக்காயை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். வாத்தியார் செருப்பைத் தேடினார்.

இலை போட்டாயிற்று என்று உள்ளே போனார்கள். மதிலோரம் நானும் ஜெயலக்ஷ்மியும் நின்றோம்.

சாமிக்கும் சரி, செத்தவனுக்கும் சரி, நான் கண்ணை மூடுகிறவன் இல்லை. தேவரா என்று சங்கர்ராம் சொல்லி எல்லோரும் கண்ணை மூடியதுமே காக்காய் வந்துவிட்டது. அலகு சோற்றில் பட்டுவிட்டது. ஜெயலக்ஷ்மி புடவைத் தலைப்பை ஒரு வீசு வீசினாள். அது பறந்துபோய் ஓட்டுமேல் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள்.

உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் மழை பெய்கிறது என்று நான் சொன்னால் வெளியே வந்து கைநீட்டிப் பார்க்கிற தெரு இது.

அதனால் அவளிடம்தான் கேட்டேன். "மொதல்லயே வந்துதே, ஜெயம். எதுக்கு வெரட்டினே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க காக்காயைப் பாத்துண்டு நின்னேள், அண்ணா. நான் என் பிள்ளை மொகத்தைப் பாத்துண்டு நின்னேன். கண்ணை மூடிண்டு, எங்கே எடுத்துடுமோன்னு பயந்துண்டு நின்னான்."