ஐந்து தம்ளர்

அவள் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். மகன் கவனித்துவிட்டான். எட்டுகிற தூரத்தில் இருந்த தண்ணீர் எட்டாத தூரத்துக்குப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. பழகிவிட்டது.

மேஜையைச் சுற்றி ஐந்து பேர். ஆளுக்கொரு எவர்சில்வர் தம்ளர். பிரின்சிபால், வகுப்பு டீச்சர், அவள், ஒன்பது வயது பரிதி. ஐந்தாவது ஆள் ரெஜினா மேடம்.

பரிதிக்கு நாற்காலி போடச் சொன்னதே ரெஜினா மேடம்தான். பிள்ளையைப் பற்றிப் பேசும்போது பிள்ளையும் இருக்க வேண்டுமாம், வாய் பேசாத பிள்ளையாக இருந்தாலும். எல்லாருக்கும் தண்ணீர் வைத்தால் அவனுக்கும் வைக்க வேண்டுமாம்.

நல்ல மனுஷிதான். அதுதான் இப்போது வினையாக வந்து உட்கார்ந்திருந்தது.

"நான் ஸ்கூல் பக்கமும் இல்ல, உங்க பக்கமும் இல்ல. ரெண்டு பேருக்கும் பொதுவான ஆள்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். இந்த வருஷம் பரிதிக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று இரண்டு தரப்பும் பேசி முடிவெடுக்க வேண்டும். பேச்சு சண்டையாகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்கென்றே வெளியிலிருந்து வந்திருந்தார்.

எல்லாரும் பொதுவான ஆளாகவே இருந்துவிட்டால் பிள்ளையைப் பாத்ரூமுக்கு யார் கூட்டிப் போவது?

அவள் கேட்க வந்தது அதைத்தான். கீழே எல்கேஜி குழந்தைகளுக்கு ஓர் ஆயா இருக்கிறார். இடைவேளையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை அவர் மாடியேறி வந்து பரிதியைக் கூட்டிப் போனால் போதும். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குள் ரெஜினா மேடம் மார்க்கரோடு பலகைக்குப் போய்விட்டார்.

"முதல்ல பரிதியைப் பத்தி ஆளுக்கு ஒரு நல்ல விஷயம் சொல்லுங்க."

டீச்சர் யோசிக்கக்கூட இல்லை.

"ரொம்பச் சுத்தமான பையன் மேடம். ஒருநாள்கூட கிளாஸ்ல நனைச்சதே இல்ல."

பலகையில் அது ஏறியது, நீல மையில், கொட்டை எழுத்தில்.

அவள் அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

எப்படி நனைப்பான்? காலையில் எழுந்ததிலிருந்து அவள் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதில்லை. பால் கிடையாது. இட்லிக்குச் சாம்பார் கிடையாது, பொடிதான். வாட்டர் பாட்டிலை நிரப்பித்தான் அனுப்புவாள். அவன் விரலுக்குத் திறக்காதபடி மூடியை இறுக்கித் திருகியிருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் குடத்தைப் பார்த்து ஓடுகிற ஓட்டம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வேறு என்ன செய்வாள்? மூன்று பள்ளிக்கூடம் கைவிரித்த பிறகு கிடைத்த இடம் இது. சேர்க்கும்போது பிரின்சிபால் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பாத்ரூமுக்குத் தானே போய்வரத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இங்கே இடம். போவான் மேடம் என்று வாய் கூசாமல் சொன்னாள்.

சொன்னது அவள். நாக்கு வறண்டுபோய் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவன்.

போன வாரம் குளிர்காய்ச்சல். சிறுநீரில் கிருமி. "தண்ணியே குடிக்க மாட்டானாம்மா? இப்படியே விட்டா கிட்னியில போய் நிக்கும்" என்றார் டாக்டர். அவளால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒரு ஆயா மட்டும் கிடைச்சா..." என்று இழுத்தாள்.

"அதான் பலகையிலயே இருக்கே, அவனே பாத்துக்கறான்" என்றார் பிரின்சிபால், மலர்ந்த முகத்தோடு. "ஆயா வேணுங்கற பிள்ளைக்கு நம்ம ஸ்கூல் சரிப்படாதும்மா. சேர்க்கும்போதே சொன்னேனே."

ரெஜினா மேடம் அவள் பக்கம் திரும்பினார். "எழுதியிருக்கறது சரிதானா? நீங்க சொல்லுங்கம்மா."

சரி என்றால் ஆயா இல்லை.

இல்லை என்றால் பள்ளிக்கூடமே இல்லை.

நீங்களாவது எனக்காக ஒரு வார்த்தை பேசுங்களேன் என்பதுபோல் அவரைப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. அவர் காத்திருந்தார், அவ்வளவுதான்.

அவள் கை நீண்டது. தள்ளி வைத்த தம்ளரை இழுத்து மகன் முன்னால் வைத்தாள்.

அவன் தொடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"குடி சாமி."

ஒரே மூச்சில் குடித்தான். மோவாயில் வழிந்து சட்டை நனைந்தது. தன் தம்ளரையும் எடுத்துக் கொடுத்தாள். அதையும் குடித்தான். அவனுக்கு இவ்வளவு தாகம் இருக்கும் என்று டீச்சர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

பிரின்சிபால் ஃபைலை மூடினார்.

"எந்திரிக்காதீங்க மேடம்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கொஞ்ச நேரம் எல்லாரும் இப்படியே இருங்க. என் வாயால சொல்ல முடியலைங்க. நீங்களே கண்ணால பாத்துக்கங்க."

பெற்றவள் செய்கிற காரியமா இது? நாலு பேர் நடுவில்?

பையில் மாற்று டவுசர் இருந்தது. பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

பிரின்சிபால் ரெஜினா மேடத்தைப் பார்த்தார், கூட்டத்தை முடித்து வைக்கட்டும் என்று.

ரெஜினா மேடம் மார்க்கரை மூடினார். பலகையில் இருந்ததை அழிக்கவில்லை. யாருக்காகவும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். இதுவரை தொடாமல் வைத்திருந்த தன் தம்ளரை மேஜைமேல் மெதுவாகத் தள்ளி, பரிதியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவன் மறுபடியும் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

அவள் தலையசைத்தாள்.