மனம் நோகாத செய்தி

மேயர் அமலோற்பவத்துக்கு மாரடைப்பு வந்த பிறகு, மருத்துவர் அவள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். அவள் நாடி படபடத்தால் போதும், பட்டையோடு இணைத்திருந்த, வீட்டில் செய்தி வாசிக்கும் பெட்டி அவளைப் பற்றிய கண்டனத்தை முதல் சொல்லிலேயே விட்டுவிட்டுப் பாராட்டுக்குத் தாவிவிடும்.

“இப்பல்லாம் ஒருத்தரும் என்னைக் குறை சொல்றதில்லையேங்க. அந்த நிருபர் யாசின் தம்பிகூடவா?” என்று கணவர் சூசையிடம் கேட்டாள்.

சூசை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். யாசின் எழுதியதைக் காலையில்தான் டீக்கடையில் படித்துவிட்டு, அந்தச் செய்தித்தாளை மடித்துக் கொண்டுவந்திருந்தார். அவளிடம் மறைத்து அவருக்குப் பழக்கமில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு செய்தித்தாளை வாசித்தார்.

“பள்ளிகளுக்கெல்லாம் நல்ல தண்ணீர் கொடுத்த மேயர், மீனவர் குடியிருப்பை மறந்துவிட்டார். அங்கே குழந்தைகள் வாந்திபேதியில் கிடக்கிறார்கள்.”

அவர் விரலுக்கடியில் அவள் நாடி ஓட்டமெடுத்தது. பயந்துபோய் நிறுத்தினார்.

“நிறுத்தாதீங்க. அந்தத் தம்பி நியாயமாத்தானே எழுதியிருக்கு,” என்றாள், கண்ணைத் துடைத்தபடி. முழுவதையும் கேட்டு முடித்ததும் யாசினுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, அந்தப் பிள்ளைங்க எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க? இப்பவே வர்றேன்.”

சூசை அவள் செருப்பை எடுத்துப் போட்டுவிட்டு, மாத்திரை டப்பாவைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் வாசலில் இறங்கி நின்றார்.