திரும்பி வரும் குரல்

சங்கரன்கோவில் ரதவீதியின் மத்தியான வெயில் மொபைல் கடைக் கண்ணாடியில் வெள்ளையாக விழுகிறது. கடைக்காரி ஜெஸ்லினை, வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று போன அவள் தம்பி ஜெபின் பத்து நாள் கழித்து இப்போதுதான் கூப்பிடுகிறான். அவள் பேசுவதெல்லாம் ஒரு நொடியில் அவள் காதுக்கே திரும்பி வருகிறது. “ஏலே, ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? எம் பேச்சு எனக்கே கேக்குது.” “இல்லக்கா, ஹெட்போன்தான். தனியாத்தான் இருக்கேன்.” ஹெட்போன் போட்டிருந்தால் இந்த எதிரொலி வராது என்பது அவளுக்குத் தெரியும். தன் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறாள். அங்கே ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. யாரோ செருமுகிறார்கள்; அது தம்பியின் தொண்டை இல்லை. “இங்கன எல்லாம் நல்லாருக்குக்கா,” என்கிறான், எழுதி வைத்ததை வாசிப்பதுபோல. அவள் மைக்கைத் திறக்கிறாள். “பக்கத்துல யாருலே இருக்கா?” இந்தக் கேள்வி மட்டும் திரும்பி வரவில்லை. அதற்குள் அங்கே யாரோ ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள்.