ஒன்றரை மணி டாட் இன்

அலமேலு சில்க்ஸ் என்ற பெயரில் காஞ்சிபுரத்தில் இரண்டு கடைகள். பாகம் பிரித்தபோது அண்ணன் ஏகாம்பரமும் தம்பி மாணிக்கவேலும் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இணையத்தில் அந்தப் பெயருக்கான டாட் காம் முகவரியை எவனோ முன்பே வாங்கிவிட்டான். புதிதாக வந்த டாட் இன், அந்தப் புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்குத் திறந்தது.

ஒரே பிரவுசிங் சென்டரில் அடுத்தடுத்த நாற்காலியில் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“முந்தறவங்களுக்குத்தான் பேரு. இன்னாத்துக்கு சும்மா குந்திக்கினு இருக்கீங்க?” என்றாள் சென்டர்காரப் பெண்.

“ஒன்றரை வரைக்கும் ராகுகாலம்மா. தொடவே கூடாதுன்னு என் வூட்டுக்காரி சத்தியம் வாங்கிக்கினா” என்றார் ஏகாம்பரம்.

மாணிக்கவேல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “அவரு கை மவுஸ் மேல போச்சுன்னா, நானும் ராகுகாலம் பார்க்க மாட்டேன். சொல்லும்மா அவருகிட்ட.”

ஒன்றரை ஆனதும் இருவரும் தட்டினார்கள். அந்தப் பெயரை யாரோ ஏற்கெனவே வாங்கிவிட்டதாக இரண்டு திரையிலும் வந்தது.

“ஆள் வெச்சு வாங்கிட்டியாடா?”

“நான் இல்ல, நீதான்!” மூன்று வருடத்தில் தம்பி நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்நேரம் ஏகாம்பரத்தின் மனைவி கிருஷ்ணவேணி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள்.

“கத்தாதீங்க. பெங்களூர்ல இருக்கிற நம்ம பொண்ணு பன்னண்டு அஞ்சுக்கே வாங்கிட்டா. நான்தான் போன்ல சொன்னேன்.”

“ராகுகாலத்துலயா? மவுஸைத் தொடவே கூடாதுன்னு என்கிட்ட நீதானே சொன்ன?”

“நீங்க தொட்டிருந்தா உங்க தம்பியும் தொட்டிருப்பாரே!”