பல்பு விளம்பரத்துக்கு ஒரு பார்வையாளர்

விளம்பரக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவளுக்கு மாடி அறையில் என்ன வேலை?

கூப்பிட்டனுப்பியிருந்தார்கள்; படியேறினாள். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு மேனேஜர் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. எந்தக் கூட்டலில் என்ன தப்பு செய்தோம் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததுதான் இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே ஐந்து பேர். மேனேஜரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. நம்ம பல்பு விளம்பரம். வீட்ல உக்காந்து பாக்கிற மாதிரி பாத்துட்டுச் சொல்லு, போதும்."

டிவியை ஓடவிட்டார்கள்.

ஒரு வீட்டில் கரண்ட் போகிறது. மாப்பிள்ளையாக வரப்போகிறவனை இருட்டில் குடும்பமே தேடுகிறது. திரையில் ஒரு வரிசைப் பற்கள் மட்டும் பளிச்சென்று தோன்றுகின்றன. மாமியார் வீலென்று அலறுகிறாள். பல்பு எரிகிறது. பார்த்தால், அந்தக் கறுப்பு இளைஞன் அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான்.

அவ்வளவுதான் விளம்பரம்.

முடிந்த பிறகு கவனித்தாள். ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளுடைய கறுத்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளம்பரத்தை எழுதியவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நேற்று டிவியில் வந்ததிலிருந்து போன் ஓயவில்லையாம்; திட்டித் தீர்க்கிறார்களாம்.

"சத்தியமா அப்படி நினைச்சு எழுதலம்மா. அந்தப் பையன் சிரிப்பு அவ்வளவு அழகு. அதான்…"

பொய் சொல்லும் முகமில்லை அது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நம்ம ஆபீஸ்லயே ஒருத்தங்க பாத்துச் சரின்னுட்டாங்கன்னு பதில் சொல்லிடலாம். உங்க ஆளுங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்கல்ல?"

உங்க ஆளுங்க.

அவள் பிறந்த ஆஸ்பத்திரி அந்த அறையின் ஜன்னலிலிருந்தே தெரியும்.

கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

"நல்லா இருக்கு சார்."

சிரித்தும் காட்டினாள், உதட்டைத் திறக்காமல்.

அறையே பெருமூச்சு விட்டது. குற்றம் பார்க்கின் சுற்றமில்லைன்னு சும்மாவா சொன்னாங்க என்றார் எழுதியவர். அவள் வாயைத் திறந்து கேட்காமலே, உத்தரவு இன்றைக்கே கைக்கு வந்துவிடும் என்றார் மேனேஜர்.

வெளியே பெஞ்சில் டெஸ்பாட்ச் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, சட்டையைப் புதிதாக உள்ளே செருகியிருந்தார். அடுத்து அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"எ… எதுக்குத் தங்கச்சி எ… என்னையும் கூ… கூப்பிட்டிருக்காங்க?"

அவள் முதுகுக்குப் பின்னால், சரியாக மூடாத கதவு வழியே, அடுத்த விளம்பரம் ஓடியது. ஏதோ போன் விளம்பரம். அதில் எவனோ ஒரு ஹலோ சொல்ல முடியாமல் திக்கிக்கொண்டிருந்தான். உள்ளே சிரிப்பு.

"நல்லா இருக்குன்னு சொல்லிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.