நந்தி வளைவுப் பெட்டி

கம்ப்யூட்டர் வீறிட்டது. மாரத்தான் நடக்கும் சாமுண்டி மலைக்குப் பின்புறமிருந்து தன்னார்வலர் சைத்ரா அனுப்பிய செய்தி திரையில் விழுந்தது: ஓட்டக்காரர் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். கட்டுப்பாட்டு அறையிலிருந்த ஜகதீசன் ஆம்புலன்ஸை விரட்டினார். ஆள் பிழைத்துவிட்டதாகத் தகவலும் வந்தது.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டிக்குப் பெட்டி தாவி, செய்தி மலையையே சுற்றி வந்திருக்கிறது. எல்லாம் பொழுதுபோக்காக ஹாம் ரேடியோ இயக்கும் நண்பர்கள் சம்பளமில்லாமல் வழியெங்கும் பொருத்திய, செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும் பெட்டிகள். அது தாவிவந்த வழியும் திரையில் தெரிந்தது. மலைச்சாலை வளைவில் பொருத்தச் சொல்லி ஸ்ரீகுமாரிடம் கொடுத்தனுப்பிய நந்தி வளைவுப் பெட்டிதான் நடுவில் நின்று கைகொடுத்திருக்கிறது.

தோளில் பையோடு ஸ்ரீகுமார் வேர்த்து விறுவிறுத்து வந்தான்.

"வாப்பா ஹீரோ. உன் பெட்டி இன்னிக்கு ஒரு உயிரையே காப்பாத்திடுச்சு."

"கிண்டல் பண்ணாதீங்க சார். போற வழியில ஹெப்பாள்லயே ஸ்கூட்டர் பஞ்சர், நான் மலைப் பக்கமே போகல. பெட்டி இதோ பையிலதான் இருக்கு, பேட்டரிகூட மாட்டல. ஆனா தொட்டுப் பாருங்க சார், ஏன் இப்படிச் சுடுது?"