பூட்டி வைத்த பாவாடை

"அந்தப் பாவாடையை இப்படிக் கொடு" என்றாள் மாமியார் க்யா.

ஷுவா கொடுத்தாள். கல்யாணமான மூன்று மாதத்தில் மாமியார் எதைக் கேட்டாலும் கொடுத்துப் பழகிவிட்டது. ஆனால் இது அம்மா தந்த பாவாடை. சணல் துணியில் மெழுகால் கோடு இழுத்து, அவுரிச் சாயத்தில் முக்கி, ஐந்நூறு மடிப்பு வைத்துத் தைத்தது. அம்மாவின் ஒரு வருஷ உழைப்பு.

க்யா அதைச் சுருட்டி மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அத்தை... புது வருஷத்துக்கு அதைக் கட்டிக்கலாம்னு..."

"இது வெள்ளைப் பாவாடைக்காரங்க ஊரு. இங்க யாரு நீலம் கட்டுறா? நாள் வரட்டும், பார்த்துக்கலாம்."

க்யா பேச்சை உப்பு மாதிரி அளந்துதான் போடுவாள்.

புருஷன் துவாவிடம் முறையிட்டாள் ஷுவா.

"புகுந்த வீட்டு நிறத்தைத்தானே கட்டணும்? உங்க ஊர்ல மட்டும் வேற வழக்கமா?" என்றான் அவன். புது வருஷச் சண்டைக்குக் காளையின் கொம்பைச் சீவிக்கொண்டிருந்தவனுக்கு, வீட்டுச் சண்டையைக் கவனிக்க நேரமில்லை.

பிறந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம். அம்மா பக்கத்தில் இல்லாமல் வருகிற முதல் புது வருஷம். வருஷா வருஷம் அம்மாதான் பாவாடையைச் சுற்றி, இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிவிடுவாள். அந்தப் பாவாடையாவது இடுப்பில் இருந்தால் அம்மா கூடவே நிற்பது போல இருக்கும். இப்போது அதுவும் போச்சு.

ஊற்றடியில் பக்கத்து வீட்டு பாங் அவள் வாயைக் கிளறினாள்.

"வாயைத் திறந்தாலே நீலப் பாவாடைக்காரங்க ஊர்ப் பேச்சு. இடுப்புலயும் நீலம் எதுக்குடி உனக்கு?"

"ஏன் அக்கா, கட்டினா என்னவாம்?"

"போன புது வருஷத்துக்குக் கீழ்வீட்டு மருமக மைதானத்துக்கு நீலம் கட்டிட்டு வந்தா. பந்து வீசி விளையாடுற பசங்க கூட பந்தை விட்டுட்டுச் சிரிச்சாங்க. அழுதுகிட்டே வீட்டுக்கு ஓடினவதான், அரிசிப் பணியாரம் திங்கக்கூட வரலை!"

பாங் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சிரித்தாள்.

அறுப்பு முடிந்தது. அதிலிருந்து க்யாவின் போக்கே சரியில்லை. மத்தியானச் சோறு தின்ற கையோடு நெல் களஞ்சியத்துக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். பொழுது சாயும்போதுதான் வெளியே வருவாள்.

ஒருநாள் சோறு வாங்க க்யா நீட்டிய கையைப் பார்த்துவிட்டாள் ஷுவா. விரல் பத்தும் நீலம்!

க்யா சட்டென்று கையை இடுப்பில் கட்டிய முன்துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஷுவாவுக்குச் சந்தேகமே இல்லை. ஊறவைத்து, தேய்த்து, நீலத்தை வெளுக்கிறாள்! அம்மா பாவாடையை வெள்ளைப் பாவாடையாக்கப் பார்க்கிறாள்!

தாங்க முடியாமல் பாங்கிடம் சொல்லி அழுதாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் பாங்.

பாங்கிடம் சொன்னால் தண்டோரா தேவையில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் ஊரே பேசியது. "மருமக கொண்டு வந்ததை வெளுக்கிறாளாம் க்யா. என்ன மனுஷியோ!" க்யாவின் காதிலும் அது விழுந்தது. அவள் களஞ்சியத்துக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

புது வருஷக் காலை. வீட்டுக்கு வீடு பணியாரத்துக்கு மாவு இடிக்கிற சத்தம். மைதானத்தில் பெண்களின் உடுப்பில் தைத்த வெள்ளிக் காசுகள் குலுங்கத் தொடங்கிவிட்டன.

ஷுவா உதட்டைக் கடித்துக்கொண்டு வெள்ளைப் பாவாடையை எடுத்தாள். கண்ணீர் அதன்மேல் விழுந்தது.

"அதை வை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மரப்பெட்டி திறந்திருந்தது. க்யா ஒரு சுருட்டை அவள் மடியில் போட்டாள். அம்மாவின் பாவாடை! நீலம் நீலமாகவே இருந்தது. ஐந்நூறு மடிப்பில் ஒன்றுகூடக் கலையவில்லை.

"கட்டிக்க."

"அத்தை... ஊரே சிரிக்குமே!"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

க்யாவின் இடுப்பிலும் நீலப் பாவாடை! மெழுகுக் கோடுகள் கோழி கிளறினது போலக் கோணிக்கொண்டு போயின. சாயம் ஓர் இடத்தில் அப்பியும் ஓர் இடத்தில் வெளிறியும் கிடந்தது. ஊரில் யாருடைய தையலிலும் குறை கண்டுபிடிக்கிற க்யா, அதைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"உன்னோடதைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டேன். மூணு துணி பாழாச்சு. உங்கம்மா கை எனக்கு எங்க வரும்?"

ஷுவா எழுந்து அம்மாவின் பாவாடையைச் சுற்றிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

க்யா குனிந்து, நீல விரல்களால் மருமகளின் இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டினாள்.

"ஒருத்தி கட்டிட்டுப் போனாத்தான் கேலி. மாமியாரும் மருமகளும் கட்டிட்டுப் போனா, அது வீட்டு வழக்கம். கண்ணைத் துடைச்சுக்கிட்டு வா, முதல்ல பாங் முன்னாடி போய் நிப்போம்."